இரண்டாவது குலுக்கல்

மத்தியானம் மூன்று மணி. பிரசவக் கட்டடத்திலிருந்து லேபுக்குப் போகும் பின்பாதை... ஈ காக்கை இல்லை. முகத்தைச் சுளிக்காதீர்கள், பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? இன்னும் நெருங்கி உட்காருங்கள். ஓரத்தில் இருப்பவர் அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள்.

நடந்தது என் நண்பனின் மச்சானுக்கு. லேபில் வேலை. எதற்கும் பொறுக்கமாட்டான் என்பதால் எல்லோரும் வைத்த பெயர் 'அவசரம்'. அன்று அந்தப் பாதையில் வந்தபோது அவன் கையில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் அவன் மனைவியின் பனிக்குட நீர். எட்டாவது மாதம், பிரஷர் எகிறிக்கொண்டிருந்தது. குழந்தையின் நுரையீரல் மூச்சுவிடத் தயாரா, வெளியே எடுக்கலாமா என்று அவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முறை சுலபம். நீரோடு ஸ்பிரிட் சேர்த்துப் பதினைந்து நொடி குலுக்கு. பிறகு பதினைந்து நிமிடம் தொடாதே. விளிம்பில் நுரை வளையம் நின்றால் நுரையீரல் முற்றிவிட்டது. கலைந்தால், இன்னும் இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் வேறொருத்தியின் நீர் வந்தது. அவசரம் குலுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பினால் நுரை இல்லை. நேரமாகிவிட்டதால் கலைந்திருக்கும் என்று அவனே முடிவுகட்டி, இன்னொரு முறை குலுக்கினான். புதிதாக எழுந்த நுரை நிற்கிறதா என்றுகூடக் காத்திராமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான்.

"நுரை நல்லா நிக்குது மேடம். எடுத்துடலாம்."

எடுத்தார்கள். அந்தப் பிஞ்சு நாற்பது நிமிடம், மூச்சுக்கு மூச்சு 'ங்க்... ங்க்...' என்று முனகி, விலா உள்வாங்கி, நீலம் பாரித்துச் செத்தது. அதன் அப்பன் லேபுக்குள் புகுந்து ஸ்டூலால் அடித்ததில் அவசரத்துக்கு இரண்டு பல் போயிற்று. இரண்டாவது குலுக்கலைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை, படுபாவி. என்னை ஏன் முறைக்கிறீர்கள், எனக்கு அவன் சொந்தமில்லை.

இந்த முறை ஒழுங்காகச் செய்தான். குலுக்கினான். தாங்கியில் நிறுத்தினான். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தான்.

பதினாலாவது நிமிடம்... பாதி வளையம்தான் நின்றது. மேசைக்கடியில் ஒரு சத்தம்.

'ங்க்... ங்க்...'

ஸ்பிரிட் நாற்றத்தோடு பச்சை ரத்த வாடை. அவன் குனிவதற்குள் தலைமுடியைப் பிடித்து ஏதோ அவனை மேசையில் அறைந்தது. ஒன்று. மூக்கெலும்பு நொறுங்கியது. சுவரில் அறைந்தது. இரண்டு. அலமாரி சரிந்து புட்டிகள் வெடித்தன, கண்ணாடிச் சில்லு கன்னத்தில் ஏறியது. தோள் மூட்டு மளுக்கென்று கழன்றது. விடவில்லை... குலுக்கிக்கொண்டே இருந்தது. பதினைந்தாவது நொடியில் அப்படியே கீழே போட்டது.

போன் அடித்தது. ரத்தத்தில் வழுக்கி வழுக்கித் தவழ்ந்து எடுத்தான். டாக்டரம்மா.

"என்னப்பா, நுரை நிக்குதா? மறுபடி நீர் எடுக்க நேரமில்ல. நீ சொன்னா இப்பவே குழந்தைய எடுக்கறேன். இல்லன்னா மருந்து குடுத்து ரெண்டு நாள் இழுத்துப் பாக்கறேன்."

நிமிர்ந்து பார்த்தான். லேபில் உடையாமல் இருந்தது அந்தக் குழாய் ஒன்றுதான். பாதியாக நின்ற நுரை இப்போது விளிம்பைச் சுற்றி... முழு வளையம்.

"தெரியல மேடம்," என்று அழுதான். "சத்தியமாத் தெரியல."

குழாயின் வெளிப்பக்கம் அவன் ரத்தம் அப்பியிருந்தது. அதில் ஐந்து விரல் தடம். ஒவ்வொன்றும் அரிசி அளவு.