நாத்துக்காரம்மா

— கயித்தத் தாண்டாதீங்க அம்மணி. எத்தன வாட்டி சொல்றது? அக்கட்ட நின்னே பாருங்க.

— அந்தக் கைய மட்டும் கிட்டப் போயிப் பாத்துட்டு வந்தர்றனுங்க்கா. ஒரே நிமிசம்.

— எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. போன மாசம் மருதமலைக்குப் போற டூர் பஸ்ஸு ஒண்ணு இங்க நின்னுது. ஒரு பெரிய மனுசன் நேராப் போயி அந்தக் காளைப் பொம்மை மேல ஏறி உக்காந்து போட்டோ புடிக்கறாரு. கொம்பு ஒடஞ்சு போச்சு. ஆபீசுல கேட்டா ஆரு பதில் சொல்றது? இந்தப் பூவாத்தாதான் சொல்லோணும்.

— நாளைக்கு எல்லாத்தையும் லாரியில ஏத்தப் போறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துதுங்களே.

— ஆமாங்க. புது மியூசியம் கட்டறாங்கல்ல. அங்க பொம்மையே கெடையாதாமா. செவுரு பூராம் டிவியாமா. வெரல வெச்சா நாத்து தானா நடுமாமா, காளை தானா ஏர் ஓட்டுமாமா. கெரகம், பாக்கறவனுக்கும் சோலியில்ல, காளைக்கும் சோலியில்ல.

— அப்ப இந்தப் பொம்மைகள என்ன பண்ணுவாங்க?

— ஒடச்சுக் குழியில கொட்டறதுதான். பிளாஸ்டர் மாவு, வேற எதுக்கு ஆகும்? என்ற சோலியும் இன்னைக்கோட முடிஞ்சுது. இருபத்தியோரு வருசம் தொடச்சேன், கூட்டுனேன். நீங்கதான் கடைசி ஆளு. வாங்க, இந்த முக்காலில சித்த உக்காருங்க. தூக்குப் போசியில டீ இருக்குது, ரெண்டு பேரும் குடிக்கலாம். சக்கரை மட்டும் இருக்காது, பரவால்லீங்களா?

— இருக்கட்டுங்க்கா. ஏனுங்க, இந்த நாத்து நடற பொம்மை மொகம் இப்படியா இருந்துது? இத்தன செவப்பாவா?

— கண்டுபுடிச்சுப்போட்டீங்களே! நான் சோலிக்கு வந்தப்ப நல்ல கருப்பு. களையான மொகம். மந்திரி வாராரு, அதிகாரி வாராருன்னு வருசா வருசம் பெயிண்ட் அடிப்பாங்க. அடிக்கறவன் ஒவ்வொரு வாட்டியும் ஒரு கரண்டி வெள்ளைய எச்சாச் சேத்துப்போடுவான். "ஏப்பா, பொழுதன்னைக்கும் வெயில்ல நிக்கறவ இப்படியா இருப்பா?"ன்னு கேட்டேன். "லட்சணமா இருக்கோணுங்க்கா"ங்கறான். இப்பப் பாருங்க, பவுடர் பூசிட்டு வயலுக்கு வந்தவளாட்ட நிக்கறா என்ற நாத்துக்காரம்மா.

— நாத்துக்காரம்மாவா?

— நாந்தான் அப்படிக் கூப்புடறது. காலையில வந்ததும் மொதல்ல அந்த மொகத்தத்தான் தொடைப்பேன்.

— கைக்குப் பெயிண்ட் அடிக்கலீங்களா?

— கையி சேறு அப்புன மாதிரி செஞ்சிருக்குதுல்ல, அத அப்படியே உட்டுப்போட்டாங்க.

— அப்ப கை மட்டும் மாறல. எடது கை சுண்டுவெரலப் பாருங்க்கா, உள்ளாற மடங்கியிருக்கும். கதுரு அறுக்கறப்ப அருவா பட்டது. அப்ப எனக்கு ஆறு வயசு.

— உங்களுக்கு எந்த ஊருங்க அம்மணி?

— ஆனமலைக்குப் பக்கமுங்க. அது எங்கம்மாங்க்கா. மாசாணியம்மாள்னு பேரு. திருமூர்த்திக் கவுண்டரு வயல்ல நடவு நட்டுட்டு இருந்தாங்க. இந்தக் காலேஜுல இருந்து ஒரு சிற்பியக் கூட்டியாந்தாங்க. மூணு நாளு அம்மாவக் குனிஞ்சே நிக்கச் சொல்லி, பாத்துப் பாத்துச் செஞ்சாரு. கை மட்டும் சரியா வரலைன்னு மாவக் கரச்சு, அம்மா கைய அதுக்குள்ள உடச் சொல்லி அச்சு எடுத்துட்டாரு. கையி கதகதன்னு இருந்துதுன்னு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அப்ப நான் பத்தாவது படிச்சுட்டு இருந்தேன். ஏனுங்க்கா, டீ சீலையெல்லாம் சிந்துது பாருங்க. போசியக் குடுங்க, நான் புடிக்கறேன்.

— வேண்டாம் வேண்டாம். போசி என்ற பக்கத்துலயே இருக்கட்டும். நீங்க இந்தக் காலேஜுலதான் படிச்சீங்களா?

— எப்படித் தெரியுமுங்க?

— சும்மா கேட்டேன். சொல்லுங்க.

— இங்கதானுங்க, நாலு வருசம். ஹாஸ்டல் ரூம் ஜன்னலத் தொறந்தா இந்த மியூசியத்து ஓடு தெரியும். ஆனா நாலு வருசத்துல ஒரே ஒரு தடவைதான் உள்ள வந்தேன்.

— ஒரு தடவைதானா!

— மொதல் வருசம், கிளாஸோட கூட்டியாந்தாங்க. ஹாரிகான்னு ஒருத்தி துப்பட்டாவ இடுப்புல சொருகிட்டு, இந்தப் பொம்மையாட்டமே குனிஞ்சு நின்னா. "எங்க வீட்டு வேலைக்காரி அப்படியே இருக்காடி"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேங்க்கா.

— அட சாமி.

— சிரிச்சது மட்டுமில்லீங்க. போட்டோ எடுக்கச் சொல்லிக் கேமராவ என்ற கையிலதான் குடுத்தா. எங்கம்மா தலையில அவ முழங்கைய ஊனிட்டு நின்னா. நானு எடுத்துக் குடுத்தேன். நல்லா வந்துருக்குதான்னு ஒருக்கா பாத்தும் குடுத்தேன்.

— பதினெட்டு வயசுப் புள்ள. அத்தன பேருக்கு நடுவுல என்ன பண்ணும்?

— எங்கம்மான்னு சொல்லியிருக்கலாமுங்க. வேறென்ன பண்ணோணும்? அதுக்கப்பறம் இந்தப் பக்கமே வரல. அம்மா போன்ல கேப்பாங்க. "கண்ணு, போயி என்னையப் பாத்தியா? அங்க தனியா நிக்கறனல்லோ?"ன்னு சிரிச்சுட்டே கேப்பாங்க. நேரமில்லம்மாம்பேன். "அப்ப நான் வாரேன், ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போயிப் பாப்போம்"ன்னாங்க. ஹாஸ்டலுக்கெல்லாம் வந்தராத, கேட்டுலயே நிறுத்திப்போடுவாங்கன்னு பொய் சொன்னேன். ரெண்டாவது வருசத்துல இருந்து கேக்கறதையே உட்டுட்டாங்க. எல்லாம் தெரிஞ்சு போச்சு, கோவிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்.

— கோவமெல்லாம் இருக்காதுங்க.

— உங்களுக்குத் தெரியாதுங்க்கா. கோவம் இல்லீன்னா கச்சாயத்துல ஏன் வெல்லத்தக் கொறைக்கறாங்க?

— கச்சாயத்துலயா?

— தீவாளி நோம்பிக்கு அம்மா கச்சாயம் சுடுவாங்க. எனக்கு வெல்லம் தூக்கலா இருக்கோணும், கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டோணும். சின்னதுல இருந்தே அப்படித்தான், அம்மாவுக்குத் தெரியாததா? ரெண்டாவது வருசம் லீவுக்குப் போனா, சப்புன்னு இருக்குது. ஏம்மான்னு கேட்டா சிரிக்கறாங்க. அடுத்த வருசமும் அதே கதை. கடைசி வருசம் எனக்குப் பொறுக்கல. மண்ணாட்ட இருக்குது, இத எந்த மனுசன் திம்பான்னு தட்டத் தள்ளி உட்டுட்டேன்.

— ஐயோ, அப்படியா சொன்னீங்க?

— சொன்னனுங்க. அம்மா என்ற மொகத்தையே பாத்தாங்க. கீழ உழுந்தத ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்தாங்க. தை மாசம் காச்சல் வந்துது, நாலே நாளு. அதோட முடிஞ்சுது. பதினாறு வருசம் ஆச்சுங்க்கா. போபால்ல வேலை கெடைச்சுது, போயிட்டேன். ஊருக்கு வந்தாலும் இந்த ரோட்டுல வர மாட்டேன், சுத்திக்கிட்டுப் போவேன். பேப்பர்ல பாத்ததும் மனசு கேக்கல. அம்மாவுக்குன்னு ஒரு போட்டோ கெடையாது. ஓட்டு கார்டுல ஒண்ணு, அதுவும் கரியாட்ட. இந்த மொகத்தையும் மாத்திப்போட்டாங்க. அந்தக் கை ஒண்ணுதான் மிச்சம். ஒரே ஒரு தடவை புடிச்சுட்டுப் போயர்றனுங்க.

— கயித்தத் தாண்டி வாங்க.

— ஏனுங்க்கா, நீங்க ஏன் அழறீங்க?

— வாங்கன்னு சொல்றனல்லோ. வரப்பு மேல கால் வெச்சராதீங்க, மாவு பொடிஞ்சு போகும். இருங்க, வளையலத் தள்ளிக்கறேன். இந்தக் கை மணிக்கட்டோட கழண்டு வரும்.

— கழட்டலாமுங்களா?

— பொங்கலுக்குப் பொங்கல் நாந்தான் கழட்டுவேன், புது வளையல் போடறதுக்கு. ஆரும் போடச் சொல்லலைங்க. மொட்டைக் கையோட நின்னா எனக்குப் பாக்க ஆகாது. இந்தாங்க. ரெண்டு கையிலயும் வாங்குங்க, கனக்கும்.

— ரேகை கூட இருக்குதுங்க்கா. உள்ளங்கையில காச்சுப்போனது தெரியுது. அம்மா... அம்மா, நாந்தாம்மா...

— அழுங்க கண்ணு. நல்லா அழுதுபோடுங்க. இங்க ஆரும் வரமாட்டாங்க.

— சில்லுன்னு இருக்குது.

— புடிச்சுட்டே இருங்க, சூடு ஏறும். ஊட்டுக்கே எடுத்துட்டுப் போயிருங்க.

— உங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவு வராதுங்களா?

— விடிஞ்சா ஒடைக்கப் போறாங்க, ஒரு கையி இல்லைன்னு ஆரு தேடப் போறா? கேட்டா எலி தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லிப்போடறேன். குடுங்க, பழைய சீலையில சுத்தித் தாரேன்.

— நீங்க சுத்துங்க. அதுக்குள்ள நானு டம்ளரையும் போசியையும் அலசியாந்தர்றேன்.

— வேண்டாம், அத வெச்சுருங்க. அம்மணி, அதத் தொடாதீங்கன்னு சொன்னனல்லோ!

— அக்கா. இதுல பேரு வெட்டியிருக்குது.

— நான் சொல்றதக் கேளுங்க.

— வேலுமணி, மாசாணின்னு இருக்குது. வேலுமணி எங்கப்பாங்க. கல்யாணத்துக்கு எங்க மாமன் எடுத்துக் குடுத்த போசி. அம்மா போனப்பறம் ஊடு பூராம் தேடுனோம். இது எப்படீங்க உங்ககிட்ட வந்துது?

— உக்காருங்க. உக்காந்தாத்தான் சொல்லுவேன். உங்கம்மா இங்க வந்தாங்க. நீங்க ரெண்டாவது வருசம் படிக்கறப்ப, ஆடி மாசம். மழையில தொப்புன்னு நனைஞ்சுட்டு, இந்தப் போசியோட வந்து நின்னாங்க. நாற்காலியப் போட்டேன், எத்தன சொல்லியும் உக்காரல. "அந்தப் பொம்மை நானுங்க. என்ற புள்ள சம்முகப்ரியா இங்கதான் படிக்குது. என்னையப் பாக்க வாருதுங்களா?"ன்னு கேட்டாங்க. அந்த மொகத்தப் பாத்துட்டு, அப்படி ஆரும் வரலீங்கன்னு சொல்ல எனக்கு வாயி வரல.

— என்ன சொன்னீங்க?

— தினமும் வந்து பாத்துட்டுத்தான் கிளாஸுக்குப் போகுதுன்னு சொல்லிப்போட்டேன்.

— தினமுமா...

— கூச்சப்படற புள்ள, நேர்ல கேட்டுப்போடாதீங்க, கேட்டா வராம நின்னுரும்னும் சொன்னேன். பொய் வெளிய வந்துரக் கூடாதுல்ல. அதனாலதான் உங்ககிட்ட கேக்கறத உட்டுட்டாங்க. கோவமில்லீங்க கண்ணு. சந்தோசம். போறப்ப அந்தப் பொம்மையத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனாங்க.

— போசியில என்னங்க இருந்துது?

— உங்களுக்குச் சுட்ட கச்சாயம். ஹாஸ்டலுக்கு வரவேண்டாம்னு நீங்க சொன்னதால, "தினமும் இங்க வாருதல்லோ, நீங்களே குடுத்துருங்க"ன்னு என்ற கையில குடுத்துட்டாங்க. நானு ஹாஸ்டல் கேட்டு வரைக்கும் எடுத்துட்டுப் போனேன். உங்களக் கூப்பிட்டு என்னன்னு சொல்லுவேன்? பயந்துட்டுத் திரும்பி வந்துட்டேன். ரெண்டு நாளு வெச்சிருந்தேன், எறும்பு மொய்க்க ஆரம்பிச்சுது. அந்தக் கலப்பைக்குப் பின்னால உக்காந்து நானே தின்னுபோட்டேன். உங்க ஊட்டுல சுட்டதத் தின்னேன்னு தெரிஞ்சா என்ற மாமியா என்னைய வாசப்படி ஏத்தியிருக்க மாட்டா. அத்தன ருசிங்க.

— எத்தன தடவை வந்தாங்க?

— ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா. ஒவ்வொரு தடவையும் உங்களுக்குன்னு போசி நெறையா. கடைசியா வந்தது ஒரு தீவாளிக்கு முந்தி. போசிய அடுத்தாட்டி வந்து எடுத்துக்கறேன்னு வெச்சுட்டுப் போனாங்க. அப்பறம் வரல. உங்க படிப்பு முடிஞ்சு போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். செத்துப் போனது இன்னைக்குத்தானே எனக்குத் தெரியுது.

— அப்ப அந்த வெல்லம்... அத அம்மா...

— வரும்போதெல்லாம் கேப்பாங்க, புள்ளைக்குப் புடிச்சுதுங்களா, என்ன சொல்லுச்சுன்னு. எனக்கு அப்பவே சக்கரை நோவுங்க கண்ணு. அடுத்தாட்டி இனிப்பக் கொறச்சுப் போடச் சொல்லுச்சுன்னு நாந்தான் சொன்னேன்.