எதிராளி நாற்காலி

இல்லம்மா, கம்பெனி என்னை அனுப்பல. நானா வந்தேன். கதவ சாத்தாதீங்க. நீங்கதான ரத்தினபாய்? யேசுதாசனோட அம்மா? பம்மல் பஸ் ஸ்டாப்லேருந்து நாலு பேரைக் கேட்டுகினு வரேன், ஒருத்தராச்சும் நேரா வழி சொல்லல. ஓ, அந்தப் பையன் வூடான்னு ஒரு இழுப்பு. அதுக்கப்புறம்தான் கை காட்றாங்க.

வேணாம்மா, நின்னுகினே சொல்றேன். எம் பேரு தனக்கோடி. பத்தாவது ஃபெயிலு. டைப்ரைட்டிங் மட்டும் ஹையர் பாஸு. உங்க பையன் வேலை பாத்தானே, தாம்பரம் எக்ஸ்போர்ட் ஸோன்ல அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி, அங்க லீகல் டிபார்ட்மெண்ட்ல டைப்பிஸ்ட்டு. இன்னிக்குக் காலைல வரைக்கும். அப்புறம் சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன்.

ஆமா, அவன் செத்தப்புறம் ரிஜிஸ்டர் தபால்ல ஒண்ணு வந்துச்சே, அது நான் அடிச்சதுதான். யாருக்கும் காட்டலயா? தெரியும். காட்ட மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும்.

கோவப்படுங்க, ஆனா முழுசா கேட்டுட்டு.

வக்கீலுன்னா கருப்பு கோட்டு மாட்டிகினு கோர்ட்ல கத்துற ஆளுன்னு நெனைச்சிகினு இருந்தேன். இங்க அப்படியெல்லாம் இல்லம்மா. ஒரே ரூமு, மூணு வக்கீலு, நான் ஒருத்தி. அவங்களுக்கெல்லாம் மேல ஞானாம்பாள் மேடம். கேஸ ஜெயிக்கிறது அவங்க வேலை இல்ல. கேஸே வராம பாத்துக்கிறதுதான் வேலை.

அதுக்கு மேடம் ஒரு வழி வச்சிருந்தாங்க. ரூம்ல கை ஒடிஞ்ச நாற்காலி ஒண்ணு கீது, எதிராளி நாற்காலின்னு பேரு. எந்த லெட்டரும் வெளிய போறதுக்கு முன்னாடி ஒருத்தர் அதுல உக்காரணும். இது உன் வூட்டுக்கு வந்திருக்குன்னு நெனைச்சிக்கோன்னு சொல்லி, சத்தமா படிப்பாங்க. கேட்டுட்டு, இப்ப நீ இன்னா பண்ணுவேன்னு சொல்லணும்.

மொதல்ல ஸ்ரீரங்கன் சார்தான் உக்காருவாரு. அவரு எதுக்கெடுத்தாலும் அந்த செக்‌ஷன் இந்த செக்‌ஷன்னு ஆரம்பிப்பாரு. மேடம் ஒரு நாளு கடுப்பாகி, லெட்டர் வந்த வீட்ல எவன் சார் செக்‌ஷன் பேசுவான், அழுவான், இல்ல ஆள் கூட்டிட்டு வருவான், நீங்க எழுந்திருங்கன்னுட்டாங்க. தனக்கோடி, நீ வா. உனக்கு மனசுல பட்டத அப்படியே சொல்ற வாயின்னாங்க.

அன்னிலேருந்து நான்தான். கிண்டல் பண்ணுவாங்க, ஜட்ஜம்மா வந்தாச்சு, ஜட்ஜம்மாவுக்கு டீ சொல்லுன்னு. எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா? பள்ளிக்கூடத்துல என்னை எவனும் ஒரு வார்த்த கேட்டதில்ல. இங்க அஞ்சாறு டிகிரி படிச்சவங்க என் மூஞ்சியப் பாத்துகினு உக்காந்திருப்பாங்க. நான் சண்டைக்குப் போவேன்னு சொன்னா லெட்டர மாத்துவாங்க. பேசாம இருந்துடுவேன்னு சொன்னா மேடம் கையெழுத்து.

மேடம் கெட்டவங்க இல்லம்மா. அதான் எனக்கு ஆத்திரமே. அவங்கதான் வேலை போட்டுக் குடுத்தாங்க. எனக்கு டைஃபாயிடு வந்தப்ப ஆட்டோ புடிச்சு வூட்டுக்கு வந்து, எங்கம்மா கூட தரையில உக்காந்து பேசிட்டுப் போனாங்க. அவங்களுக்கு மேல இருக்கிறவன் எம்.டி., எதுக்கெடுத்தாலும் பொம்பளைய வச்சா இப்படித்தான்னு சொல்றவன். தோக்கவே கூடாது அவங்களுக்கு.

உங்க லெட்டர்தானே? மொதல்ல எழுதினது வேற. உங்க மகனோட கவனக்குறைவால ஷாக் அடிச்சுதுன்னு இருந்துச்சு. நான் நாற்காலில உக்காந்து கேட்டுட்டு, இது எங்க வூட்டுக்கு வந்தா தெருவையே கூட்டிகினு வந்து உங்க கேட்ல நிப்பேன்னேன். மேடம் கிழிச்சுட்டாங்க.

ரெண்டாவதா போனதுதான் உங்களுக்கு வந்தது. அந்த நேரத்தில் உங்கள் மகனுக்கு ஸ்டோர் ரூமில் என்ன வேலை என்று, அவர் நினைவுக்கு மதிப்பளித்து, நாங்கள் விசாரிக்க விரும்பவில்லை.

அழாதீங்கம்மா. இல்ல, அழுங்க. அவன் திருடல. கேக்குதா? திருடவே இல்ல. விசாரணைன்னு ஒண்ணும் நடக்கல, எந்த சாமானும் காணாமப் போகல. இந்தாங்க, ஃபைல்லேருந்து எடுத்துகினு வந்தேன், இது மட்டும்தான் நெசமாவே திருட்டு. சூப்பர்வைசர் துளசிங்கம் அவர் கைப்பட எழுதினது. ஸ்டோர்ல ஸ்விட்ச் போர்டு ஷாக் அடிக்குது, போய்ப் பாருன்னு யேசுதாசன நான்தான் அனுப்பினேன். பாத்தீங்களா, தேதி, கையெழுத்து எல்லாம் கீது.

நீங்க கதவ சாத்திகினதப் பாத்தே தெரு ஏதோ தப்புன்னு முடிவு பண்ணிடுச்சு, உங்க வூட்டுக்காரரு சர்ச்சுக்குப் போறதையே வுட்டுட்டாராமே. இத அவருகிட்ட காட்டுங்க. அப்புறம் லேபர் ஆபீஸ்க்கு எடுத்துகினு போங்க. செத்து ரெண்டு வருஷத்துக்குள்ள நஷ்டஈட்டுக்கு மனு போடணும். இன்னும் பதினாறு நாளு கீது. மேடம் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காங்க. போன வாரம் என்னைக் கூப்ட்டு, அந்தத் தேதி தாண்டின மறுநாளே இந்த ஃபைலக் கட்டி மேல போட்ருன்னாங்க. அதான் வந்தேன்.

சாட்சி சொல்லுவேன், எங்க கூப்ட்டாலும் வரேன். ஏன் இத்தினி நாளா வரலன்னா, பயம். வேலை போயிடும்னு. வேற ஒண்ணும் பெரிய காரணம் இல்ல.

இன்னா? யாரு எழுதினதா? அந்தப் பொம்பளையா இப்படி ஒரு வரிய யோசிச்சாங்கன்னு கேக்குறீங்க.

இல்லம்மா. மொத லெட்டரக் கிழிச்சாங்கன்னு சொன்னேன்ல, அப்ப மேடம் என்னைக் கேட்டாங்க, பின்ன எதச் சொன்னா உன் வீட்ல யாரும் வெளியவே வரமாட்டாங்கன்னு. எங்கக்கா பள்ளிக்கரணைல ஏரித் தண்ணில முழுகி செத்துச்சு. எங்கம்மா சொல்லித்தான் வெறகு பொறுக்கப் போச்சு. சாவுக்கு வந்த ஒருத்தன் கேட்டான், வயசுப் பொண்ணுக்கு அந்த நேரத்துல அங்க இன்னா வேலைன்னு. அவ்ளோதான் கேட்டான். எங்கம்மா கதவ சாத்துனதுதான். எப்படி செத்துச்சுன்னு யாரையும் கேக்கவே இல்ல.

அத அப்படியே மேடம்கிட்ட சொன்னேன். எழுதிக்கினாங்க.