தொப்பி இறக்கிய சார்ஜெண்ட் முட்ரிக்குக் கறுப்புக்கிடா விடுதியின் வணக்கம்

நீஸ்ஸே நதிக்கரையில், தறியின் ஓசை நின்றறியாத ரீட்டன்பாக் நகரில், இருபத்தோராண்டுகள் எங்கள் கூட்டங்களுக்கு ஒன்றுவிடாமல் வந்திருந்து, வாய் மூடிச் செவி திறந்து, எங்கள் சொற்களைச் சிந்தாமல் சிதறாமல் எழுதிவைத்து, நேற்று மாலை ஆறு மணிக்குப் பணி நிறைவு பெற்ற போலீஸ் சார்ஜெண்ட் திருமிகு ட்ரௌகோட் முட்ரிக் அவர்களுக்கு, 1899ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் முப்பதாம் நாள், ஞாயிறு பிற்பகல், கறுப்புக்கிடா விடுதியின் பெரிய கூடத்தில் இந்நகர் நெசவாளர் கூடி வாசித்தளிக்கும் மடல்.

கூட்டம் தவறாத கோமானே!

கட்சியை உயிரினும் மேலாகக் கருதுவோர் என்று மார்தட்டிக்கொள்ளும் எங்களில் ஒருவரும் உங்கள் வருகைப் பதிவின் அருகில் வர முடியாது. மழை பெய்தால் நாங்கள் வரமாட்டோம். சீட்டாட்டம் சூடுபிடித்தால் வரமாட்டோம். பெர்லினிலிருந்து டாக்டர் லோபெக் பேச வருகிறார் என்றால் ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் கண்டுவிடும். நீங்கள் மட்டும் வந்தீர்கள். மேடையின் இடப்பக்கம் உங்களுக்கென்று ஒரு சின்ன மேசை, மேசைமேல் மைக்கூடு, மைக்கூட்டின் பக்கத்தில் உங்கள் கூர்முனைத் தொப்பி. அந்தத் தொப்பி மேசைமேல் இருக்கும்வரை நாங்கள் பேசலாம். அது உங்கள் தலைக்கு ஏறிவிட்டால் கூட்டம் கலைந்தது என்று பொருள். பாதிச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நாங்கள் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். எத்தனையோ அரிய வாக்கியங்கள் இந்தக் கூடத்தில் வினைச்சொல் வருவதற்கு முன்பே மாண்டிருக்கின்றன. அவற்றில் பல மாண்டதே நல்லது என்பதையும் இந்த நன்னாளில் ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் கொள்கையை எங்களுக்கே விளக்கிய ஆசானே!

எங்கள் கட்சியின் திட்டம் இரண்டு பாதிகளால் ஆனது. முற்பாதியில் முதலாளித்துவம் தன் பாரத்தாலேயே சரிந்து, உற்பத்திக் கருவிகள் சமூகத்தின் உடைமையாகி, மானுடம் விடுதலை பெறும். பிற்பாதியில் வேலைநேரம் குறைய வேண்டும், ஆணும் பெண்ணும் வாக்களிக்க வேண்டும், பிள்ளைகள் ஆலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போக வேண்டும். முற்பாதியே நெருப்பு, பிற்பாதி வெறும் விறகு என்று நாங்கள் நினைத்திருந்தோம். டாக்டர் லோபெக் முற்பாதியை இரண்டு மணி நேரம் முழங்கியபோது நீங்கள் கொட்டாவி விட்டீர்கள். முதலாளித்துவம் கட்டாயம் சரியும் என்று அவர் மேசையைக் குத்தியபோது, குலுங்கிய மைக்கூட்டைத்தான் பிடித்துக்கொண்டீர்கள். ஆனால் எங்களில் ஒருவன் எழுந்து, ஆலைக் கதவை ஆறு மணிக்குப் பதில் ஏழு மணிக்குத் திறந்தால் என்ன என்று கேட்ட மறுகணம் உங்கள் கை தொப்பிக்குப் போயிற்று. ஒருமுறையல்ல, ஒவ்வொரு முறையும். அரசு எதற்கு அஞ்சுகிறது என்பதை எந்த நூலும் எங்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. என்றோ இடியப்போகும் வானத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நாளைக் காலை ஒரு மணி நேரம் என்றால்தான் அதற்கு உதறுகிறது. உங்கள் வலக்கையைப் பார்த்துப் பார்த்தே எங்கள் பேச்சைத் திருத்திக்கொண்டோம்.

சோசலிஸ்டுகளுக்கு எதிரான தடைச்சட்டம் எங்களை மென்று தின்ற அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், பாடகர் சங்கம் என்றும் புகைப்போர் சங்கம் என்றும் பெயர் சூட்டிக்கொண்டு கூடினோம். பாடத் தெரிந்தவர் நால்வர். அவர்களுக்கும் புகை ஆகாது. சோதனைக்கு அஞ்சி எங்கள் நடவடிக்கைக் குறிப்புகளை அன்றன்றே அடுப்பில் போட்டோம். ஆகவே இந்நகரில் சோசலிசத்தின் வரலாறு இன்று ஒரே இடத்தில்தான் பத்திரமாக இருக்கிறது. அது காவல் நிலைய அலமாரி. எழுதிய கை உங்களுடையது. சென்ற ஆண்டு, முன்னொரு வேலைநிறுத்தத்தை எதிர்த்தது யார் என்று எங்களுக்குள் சட்டையைப் பிடிக்குமளவு சண்டை வந்தபோது, உங்கள் மேசையிலிருந்து ஒரு குரல் தலைநிமிராமலே சொன்னது: “எண்பத்தேழு, மார்ச் மாசம். எதிர்த்தது பதினாலு பேர். உங்க தலைவரும் அதுல ஒருத்தர். உக்காருங்கய்யா எல்லாரும்.” உட்கார்ந்தோம். தலைவரும் உட்கார்ந்தார். அன்றுமுதல் இன்றுவரை அவர் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் நல்லவர் என்று சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. சாயப்பட்டறையில் நுரையீரல் கருகி இறந்த எங்கள் கிழவர் ஹோலுப்பின் கல்லறையில், மலர்வளையங்களின் சிவப்பு ரிப்பன்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்தவர் நீங்கள். அதற்கென்றே சட்டைப்பையில் கத்தரிக்கோல் கொண்டு வந்திருந்தீர்கள். அவருடைய மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். அதை நாங்கள் மறக்கவில்லை. இன்று கைகுலுக்கும்போதும் மறக்கமாட்டோம். ஆனால் நீங்கள் பொய் எழுதியதில்லை. நிலைய அலுவலகமும் நகர்மன்றமும் எங்கள் பத்திரிகையும் ஒருங்கே வாழும் ஓர் ஊரில் இது சிறிய புகழ் அன்று.

அடுக்களை வரை கண்ட அறிக்கையாளரே!

அரசியல் கூட்டத்தில் பெண்கள் இருக்கக் கூடாது என்பது இந்த ராஜ்யத்தின் சட்டம். ஆணும் பெண்ணும் சமம் என்பது எங்கள் கட்சியின் கொள்கை. இரண்டுக்கும் இடையில் இந்த விடுதியின் அடுக்களை இருந்தது. பெண்ணடிமைத்தனம் ஒழிக என்று நாங்கள் இங்கே முழங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் மனைவியரும் தங்கையரும் பீர்க் கோப்பை நீட்டும் சிறு ஜன்னலுக்கு அப்பால் நின்று கேட்டார்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய், சூப் ஏன் ஆறிக் கிடக்கிறது என்று அவர்களையே கேட்டோம். எங்களுக்குத் தெரியாத இந்தக் காட்சி உங்களுக்குத் தெரிந்தது. உங்கள் அறிக்கை ஒவ்வொன்றின் கடைசி வரியும் அடுக்களையைப் பற்றியதுதான்: “அடுக்களையில் ஒன்பது பெண்கள். பாத்திரம் கழுவினார்கள்.” ஒருமுறை மட்டும் இன்னும் ஒரு வரி: “அதே தட்டை இரண்டு மணி நேரமாக.”

இரண்டாண்டுகளுக்கு முன், டாக்டர் லோபெக் தண்ணீர் குடிக்க நிறுத்திய ஒரு கணத்தில், அந்த ஜன்னலின் வழியே தறிக்காரி எர்னஸ்டீனா கிட்டல் பேசத் தொடங்கினார். சட்டப்படி அவருடைய முதற்சொல்லிலேயே உங்கள் தொப்பி ஏறியிருக்க வேண்டும். நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள். இடையில் அவரே நிறுத்தி, “ஐயா, எழுதிட்டீங்களா? வேகமாப் போறேனோ?” என்று கேட்டார். நீங்கள், “சொல்லும்மா, வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றீர்கள். கடைசிச் சொல்லுக்குப் புள்ளி வைத்துவிட்டுத்தான் தொப்பியை எடுத்தீர்கள். வழக்கு நீதிமன்றம் போனது. ஏன் உடனே கலைக்கவில்லை என்று நீதிபதி கேட்டதற்கு, “எழுதறதும் இந்தக் கைதான், தொப்பி எடுக்கறதும் இந்தக் கைதான், எசமான்” என்றீர்கள். எர்னஸ்டீனாவுக்கு மூன்று வாரம் சிறை. அந்தச் சிறைக்குக் காரணமும் உங்கள் துல்லியமே, அதையும் மறக்கவில்லை.

ஆனால் அரசு வழக்கறிஞர் உங்கள் அறிக்கையை நீதிமன்றத்தில் உரக்கப் படித்தார். டாக்டர் லோபெக்கின் இரண்டு மணி நேரத்துக்கு அதில் ஒரே சொல்: “வழக்கம்போல்.” எர்னஸ்டீனாவின் பேச்சு ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. நீதிமன்றத்தில் படிக்கப்பட்டதை எவரும் எங்கும் படிக்கலாம், தடையில்லை. வேலைநேரத்தைப் பற்றி இந்நகரில் சட்டபூர்வமாக வாசிக்கத்தக்க ஒரே பேச்சு இன்று அதுதான். உங்கள் சேவைக்குச் சான்றாக அதை இங்கே வாசிக்கிறோம்:

“டாக்டர் சொல்றது நடக்காதுன்னு நான் சொல்லல. சாயட்டும், நல்லாச் சாயட்டும். ஆனா அது சாயற அன்னைக்கும் நான் தறியிலதான் நிப்பேன், எட்டிப் பாக்கக்கூட விடமாட்டாங்க. பதினோரு மணி நேரம் நின்னுட்டு வீட்டுக்குப் போனா எம் பொண்ணு தூங்கிப்போயிடறா. அவ குரல் எப்படி இருக்கும்னு எனக்கு ஞாயித்துக்கிழமைதான் தெரியுது. ஒரு மணி நேரம் குடுங்க. பத்து மணி நேரம் வேலை, அவ்வளவுதான். மீதிய அந்த ஒரு மணி நேரத்துல உக்காந்து நானே யோசிச்சுக்கறேன். ஆம்பளைங்களா, நீங்க வேலைநிறுத்தத்துக்கு ரெண்டு தடவ கை தூக்கி ரெண்டு தடவ தோத்தீங்க. தறியில பாதிக்கு மேல நாங்க நிக்கிறோம். எங்கள ஒரு தடவ கேட்டீங்களா?”

கேட்கவில்லை, சார்ஜெண்ட் அவர்களே. அதனால்தான் தோற்றோம்.

நாளை திங்கட்கிழமை, மே முதல் நாள். காலை ஆறு மணிக்கு ஆலை வாசலில் புதிய ஒப்பந்தம் ஒட்டப்படும்: பதினோரு மணி நேரம் தொடரும், கையெழுத்திடாதவர் தறியை விட்டு நீங்கலாம். கையெழுத்திடுவதா இல்லையா என்று நாங்கள் கூடி முடிவெடுக்க இன்று ஒருநாள்தான் உண்டு. அது தெரிந்தே, வேலைநேரம் குறித்த அரசியல் கூட்டம் எதுவும் கூடாதென்று மேயர் அவர்கள் வியாழக்கிழமை சுவரில் ஒட்டினார். கட்டுப்பட்டோம். இது அரசியல் கூட்டமன்று. ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவருக்குப் பாராட்டு விழா. அதனால் பெண்கள் வரலாம். வந்திருக்கிறார்கள். அடுக்களை ஜன்னலுக்கு அப்பால் அல்ல. முன்வரிசையில், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில்.

உங்கள் பழைய மேசையில் இன்று அமர்ந்திருக்கும் புதிய சார்ஜெண்ட் திரு. ஹெங்ஸ்ட் அவர்களுக்கு ஒரு சொல். உங்கள் கை அசைவது தெரிகிறது. எண்பத்து நான்காம் ஆண்டு, எங்கள் விடுதிக்காரர் ப்ராட்கே ஒரே ஆண்டில் நான்கு முறை ஐம்பது வயதை எட்டினார். உங்கள் முன்னோடி நான்கு விழாவுக்கும் வந்தார். உடன் வந்த காவலர் பதறியபோது, “பொறந்த நாளுக்கெல்லாம் தொப்பி போட முடியாதுய்யா, சட்டத்துல இடமில்ல” என்று சொல்லிவிட்டு, அறிக்கையில் எழுதினார்: “பிறந்த நாள். அரசியல் இல்லை. கேக் உலர்ந்திருந்தது.” நான்கு அறிக்கைகளும் உங்கள் அலமாரியில் இருக்கின்றன. படித்துவிட்டுத் தொப்பியைத் தொடுங்கள். அதுவரை கேக் சாப்பிடுங்கள். இம்முறை உலரவில்லை.

எண்ணிக்கை பிசகாத ஏந்தலே!

சென்ற கூட்டத்துக்கு எண்ணூறு பேர் வந்ததாக எங்கள் பத்திரிகை எழுதியது. தொண்ணூறு என்றது நகர்மன்றம். நீங்கள் இருநூற்று அறுபத்து மூன்று என்று எழுதினீர்கள். இருநூற்று அறுபத்து மூன்றுதான். எங்கள் கணக்கை ஆலை முதலாளி நம்பமாட்டார். உங்கள் கணக்கை அவர் இருபத்தோராண்டுகளாக நம்பி வருகிறார். ஆகவே இந்த மடலின் அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறோம்.

எர்னஸ்டீனா கிட்டலின் பேச்சைச் சார்ஜெண்ட் முட்ரிக் பிழையின்றி எழுதினார் என்று ஒப்புவோர், ஆணாயினும் பெண்ணாயினும், இப்போது கை தூக்குக. அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும்வரை நாளைக் காலை முதல் ஆலை வாசலைக் கடப்பதில்லை என்போர், தூக்கிய கையை இறக்காதிருக்க. ஐயா, நேற்று அந்தத் தொப்பியை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டீர்கள். உங்கள் வலக்கை இன்று சும்மா இருக்கிறது. எழுந்து எண்ணுங்கள். அவசரமில்லை, கை வலித்தாலும் தாங்கிக்கொள்வோம், தறியில் பழகிய கைகள்.

உங்கள் கண் மங்காதிருக்கட்டும், கால் தளராதிருக்கட்டும். நாங்கள் பேசியதை நீங்கள் எழுதிய அந்த ஏடுகள் செல்லரிக்காதிருக்கட்டும். நாங்கள் வெல்லும் நாளையும் உயிரோடிருந்து காண்பீர்களாக. அன்றும் தலையை மட்டும் ஒழுங்காக எண்ணிச் சொல்வீர்களாக.

இவண்,
ரீட்டன்பாக் நெசவாளர், ஆடவரும் பெண்டிரும்

(மடலின் அடியில் விட்ட இடத்தில், பெறுபவரின் கையெழுத்தில்:)

பாராட்டு விழா. பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். சார்ஜெண்ட் ஹெங்ஸ்டின் தொப்பி மேசைமேல். கூடத்தில் தூக்கி, இறக்காதிருந்த கைகள்: நானூற்றுப் பதினேழு. எண்ணியவர் கை சேர்க்கப்படவில்லை. அடுக்களையில் யாருமில்லை.

ட்ரௌ. முட்ரிக்