வெள்ளிக்கிழமைக் கல்யாணம்

— சிரிக்காதய்யா எசேரா, எரிச்சலா வருது. காலைல மார்க்கெட்டுல மீன் விக்கிற லாங்கி எல்லார் முன்னாலயும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "நாளைக்கா உன் கல்யாணம்? நாளைக்குன்னு ஒரு நாளே கிடையாதே சியெனி!"ன்னு.

— அவ கிடக்கறா. முந்தாநாள் மீனை இப்பப் பிடிச்சதுன்னு சொல்லி விக்கறவ.

— இதுல அவ என்ன பொய் சொன்னா? இன்னிக்கு வியாழன், இருபத்தொம்பது. ராத்திரி பன்னிரண்டு அடிச்சா நேரா சனிக்கிழமை, முப்பத்தொண்ணு. சமோவா முழுக்க வெள்ளிக்கிழமையைத் தூக்கிட்டாங்க. நியூசிலாந்துக்காரனோட நாளும் நம்ம நாளும் ஒண்ணா இருக்கணுமாம். ரேடியோவுல ஆறு மாசமா தொண்டை கிழியக் கத்தறான். நீ போதகர்கிட்ட போய்க் குடுத்துட்டு வந்த தேதி என்ன? வெள்ளிக்கிழமை, முப்பது, காலைல பத்து மணி!

— அது போதகர் வீட்டுக் காலண்டர் பண்ணின வேலைடி. ஆக்லாந்துல அச்சடிச்சது. அதுல முப்பது கொட்டை எழுத்துல நிக்குது. நான் விரலை வச்சேன், அவர் நோட்டுல எழுதிக்கிட்டார்.

— ஆக்லாந்துக்காரனுக்கு முப்பது உண்டுய்யா. நமக்குத்தான் இல்ல.

— பொறு, பொறு. எல்லாத்தையும் என் தலையில போடாத. ரெண்டு வருஷத்துக்கு முன்னால என்ன பண்ணாங்க? வலது பக்கம் ஓட்டினது போதும், இனிமே எல்லாரும் இடது பக்கம்னாங்க. என் பஸ்ஸுக்குக் கதவு வலது பக்கம். நடுரோட்டுல திறந்துச்சு. ஒரு அம்மா இறங்கி லாரிக்கு நேரா நின்னுக்கிட்டு என்னைத் திட்டுது. இந்த நாட்டுல எதுவும் வச்ச இடத்துல இருக்க மாட்டேங்குது. நான் என்ன பண்ணுவேன்?

— பஸ் கதையை விடு. அடுப்புக்குக் கல்லு பொறுக்கியாச்சு. சேப்பங்கிழங்கு மூணு கூடை வந்து இறங்கியாச்சு. ரெண்டு பன்னி கட்டிக் கிடக்கு.

— பன்னிக்கு ஆயுசு கூடுதுன்னு நினைச்சுக்கோ. அதுங்களாவது சந்தோஷமா இருக்கட்டும்.

— அதுங்களுக்குக் கூடும். உனக்கு?

— ஆரம்பிச்சிட்டியா.

— டாக்டர் சொல்லும்போது நானும் பக்கத்துலதான்யா உட்கார்ந்திருந்தேன். ஈரல் முழுக்கப் பரவிடுச்சு, நாலு மாசம்னார். செப்டம்பர்ல சொன்னது. விரல்ல எண்ணிக்கிட்டு வரேன். மூணு மடக்கியாச்சு.

— அந்த டாக்டருக்கு மீசைகூட ஒழுங்கா முளைக்கல. பார்க்கலாம்.

— இந்தப் 'பார்க்கலாம்' இருக்கே, இதைத்தான் பத்தொன்பது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். முதல் வருஷம் உங்கப்பா செத்த துக்கம், அடுத்த வருஷம் பார்க்கலாம். அப்புறம் புயல் வந்துச்சு, கூரையைப் போட்டுட்டுப் பார்க்கலாம். அப்புறம் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கணும். பெயிண்ட்டுக்கும் கல்யாணத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?

— கல்யாணப் பொண்ணு ஏறி வர்ற பஸ் பளிச்சுன்னு இருக்க வேண்டாமா?

— நாலு தடவை பளிச்சுன்னு ஆயிடுச்சு. நான்தான் மங்கிப் போயிட்டேன்.

— நீ எங்க மங்கின? சண்டை போடும்போது பாரு, மூக்கு நுனி சிவக்குது.

— கொஞ்சாத. வழி சொல்லு.

— சனிக்கிழமை வச்சுக்கலாம்.

— சனிக்கிழமை வருஷக் கடைசி. விடிஞ்சா பாட்டுக்குழு ஒத்திகை, பொழுது சாஞ்சா ஆராதனை. போதகருக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. ஞாயிறு ஓய்வுநாள், அன்னிக்கு எவனும் கல்யாணம் பண்ண மாட்டான். திங்கட்கிழமை காலைல அவர் ஆக்லாந்துக்கு விமானம் ஏறறார், கண் ஆபரேஷன். ரெண்டு மாசம் ஆகும் திரும்பி வர. என்கிட்ட ஒரு விரல்தான் மிச்சம் இருக்கு, சரியா?

— ஊர்ல வேற போதகரே கிடையாதா?

— பக்கத்து ஊர்க்காரர் நம்மளைப் படி ஏத்த மாட்டார். அவர் பன்னியை பஸ் ஏத்திக் கொன்னது யாரு?

— அதுவா வந்து விழுந்துச்சுடி. சரி, இன்னொண்ணு சொல்றேன் கேளு. பாகோ பாகோவுக்குப் போயிடலாம். அமெரிக்காக்காரன் கையில இருக்கிற சமோவா. அவன் தேதியைத் தொடல. நாளைக்கு அங்க வெள்ளிக்கிழமை முழுசா இருக்கு. விமானம் ஏறினா அரை மணி நேரம்.

— அதுக்கு அனுமதிச் சீட்டு வேணும், இன்னிக்கு மத்தியானம் எவன் உட்கார்ந்து எழுதித் தருவான்? ரெண்டு பன்னியையும் ஆளுக்கொண்ணா மடியில வச்சுக்கிட்டுப் போறதா?

— ஜன்னல் ஓரம் பன்னிக்குக் குடுத்துடலாம்.

— பாத்தியா. இதான்யா எனக்கு எரியுது. கல்யாணம் நின்னு போச்சேன்னு உன் முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. நிம்மதியா இருக்க.

— முகமே மஞ்சளா இருக்கு. சுளிச்சா மட்டும் தெரியவா போகுது?

— எசேரா.

— என்ன?

— தப்பாச் சொன்னியா, வேணும்னே சொன்னியா?

— இது என்ன கேள்வி.

— எந்த வெள்ளிக்கிழமை எந்த ஊர்ல பாட்டுப் போட்டி, எந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவுன்னு வருஷம் பூராவும் மனப்பாடமா வச்சுக்கிட்டு பஸ் ஓட்டறவன் நீ. வெள்ளிக்கிழமையே இல்லங்கறது உனக்குத் தெரியாதாக்கும்? சின்னப் புள்ளைகூட நம்பாது. சொல்லு. என் கையில இஸ்திரிப்பெட்டி சூடா இருக்கு.

— அதைக் கீழ வை முதல்ல.

— நீ சொல்லு முதல்ல.

— வேணும்னுதான் சொன்னேன். போதுமா? டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னிக்கு, இப்பவாவது கட்டிக்கோன்னு கேட்ட. மாட்டேன்னு சொல்ல வாய் வரல. சரின்னு சொல்லவும் மனசு வரல. இல்லாத நாளாப் பார்த்து விரலை வச்சேன்.

— என்னைக் கட்டிக்க அவ்வளவு கசப்பா உனக்கு?

— கசப்பு இல்லடி கழுதை. என் அண்ணன் பொண்டாட்டி பெனினாவைத் தினம் பார்க்கறல்ல? லோக்கேனி செத்து எட்டு வருஷமாச்சு. இன்னும் இந்த வீட்டுல எல்லாருக்கும் சமைக்கறது அவதான், துணி துவைக்கறது அவதான். வாசல்ல இருக்கிற அவன் சமாதியை சனிக்கிழமை சனிக்கிழமை தேய்ச்சுக் கழுவறா. அவ ஊர்ல அவளுக்கு நிலம் இருக்கு. போக முடியல. போனா, புருஷனைப் புதைச்ச ஈரம் காயல, ஓடிட்டாம்பாங்க. கட்டிக்காம இருந்தா உன்னை எவனும் கேட்க முடியாது. நான் போன மறுநாளே கப்பல் ஏறு, சவாயித் தீவுல உங்கக்கா வீட்டுக்குப் போ. உனக்கு நாப்பத்தேழு வயசுதான். உனக்கு இன்னும் நாள் இருக்கு. எனக்குத்தான் இல்ல.

— பேசி முடிச்சியா?

— முடிச்சேன்.

— பெரிய தியாகி! இப்ப நான் பேசறேன், சரியா? மாசா மாசம் சர்ச்சுல திருவிருந்து அப்பத்தட்டு வரும். எனக்கு இந்தப் பக்கம் இருக்கிறவ எடுப்பா. தட்டு என் மூக்குக்கு முன்னால போய், அந்தப் பக்கம் இருக்கிறவ எடுப்பா. கல்யாணம் பண்ணாம குடித்தனம் பண்றவளுக்கு அப்பம் கிடையாது. உனக்கும்தான் கிடையாது, ஆனா நீ பின் பெஞ்சுல குறட்டை விட்டுக்கிட்டிருப்ப. நான் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். பத்தொன்பது வருஷம்யா.

— அது எனக்கு...

— குறுக்க பேசாத. அதுகூடப் போகட்டும். நீ செத்தா உன் தலைமாட்டுல யார் உட்காருவா? உங்கக்கா ஃபுவாதினோ. கால்மாட்டுல தங்கச்சிங்க. போதகர் பொண்டாட்டி, ஊர்ப் பெரியவங்க பொண்டாட்டிங்க எல்லாம் வரிசையா. நான் எங்க இருப்பேன்? பின்னால, வந்த சனத்துக்குத் தட்டு கழுவிக்கிட்டிருப்பேன். நீ கிடக்கிற இடத்துலேருந்து என்னைப் பார்த்தாக்கூடத் தெரியாது. எனக்கு உன் தலைமாட்டுல ஒரு ஆள் உட்கார்ற இடம் வேணும். அதுக்குத்தான்யா கட்டிக்கோ கட்டிக்கோன்னு நாயா கத்தினேன்.

— இதை நீ சொன்னதே இல்லையே.

— நீ கேட்டதே இல்லையே.

— இருந்தாலும், அப்புறம் நீயும் பெனினா மாதிரி...

— பெனினா வேற, நான் வேற. அக்டோபர்லயே ஃபுவாதினோகிட்ட போயிட்டேன். "உங்க தம்பிக்கு அப்புறம் நான் இங்க இருக்க மாட்டேன், எங்க ஊருக்குப் போயிடுவேன், அதுக்கு ஒத்துக்கிட்டா இந்த வீட்டு மருமகளா வரேன்"னு நேருக்கு நேரா சொன்னேன்.

— ஃபுவாதினோகிட்டயா! நானே அவ முன்னால தலையைச் சொறிஞ்சுக்கிட்டுத்தான் நிப்பேன்.

— அதான் அவகிட்ட போனேன். மூத்தவ வாயைத் திறந்துட்டா தம்பிங்க எதிர்ப்பேச்சு பேச முடியாதுல்ல? ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல. மூணாம் நாள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வச்சா. "சியெனி எப்பப் போகணும்னாலும் போவா, ஒருத்தரும் வாசல்ல நின்னு மறிக்கக் கூடாது"ன்னுட்டா. கையோட பெனினாவுக்கும் சேர்த்துச் சொல்லிட்டா. பெனினாவுக்குத்தான் கால் வரல. அது அவ பாடு.

— எல்லாரையும்னா? நான் எங்க இருந்தேன்?

— ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டிருந்த.

— எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?

— நீ எனக்குத் தேதியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னியா? ஆக, உன் காரணம் அக்டோபர்லயே செத்துப் போச்சு. வேற ஏதாவது வச்சிருக்கியா?

— கொஞ்சம் தண்ணி குடு.

— இந்தா. மெதுவாக் குடி. இன்னும் ஒரு வாய்.

— சியெனி. சொன்னா சிரிக்க மாட்டியே?

— சிரிப்பெல்லாம் போயி நாளாச்சு. சொல்லு.

— பெனினா விஷயம் நிஜம்தான். ஆனா அது பாதிதான். எங்க பெலெ மாமா ஒருத்தர் இருந்தார், தெரியுமா? நீ வர்றதுக்கு முன்னாலயே போயிட்டார். நுரையீரல் போச்சு, ஒரு மாசம் தாங்க மாட்டார்னு அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வீட்டுல பாதி செஞ்ச படகு ஒண்ணு கிடந்துச்சு. தினம் ஒரு பலகை இழைப்பார், மறுநாள் சரியில்லைன்னு அதையே கழட்டுவார். மூணு வருஷம் அப்படியே ஓட்டினார். அப்புறம் என் அண்ணனுக்குப் பொறுமை இல்லாம, கூட மாட நின்னு வேலையை முடிச்சு, படகைத் தண்ணியில இறக்கிட்டான். அந்த வாரமே மனுஷன் போயிட்டார். வேலை பாக்கி வச்சிருக்கிறவனை மேல கூப்பிட மாட்டாங்கடி. முடிச்சவனைத்தான் கூப்பிடுவாங்க. நம்ம கல்யாணம் பாக்கியாவே கிடக்கட்டும்னு நினைச்சேன்.

— ம்.

— எனக்குப் பயமா இருக்கு சியெனி. செத்துப் போறது பயமாத்தான் இருக்கு. அதைவிட, காலைல நீ கோக்கோ கலக்கிக்கிட்டே என்னைத் திட்டுவியே, அந்தச் சத்தம் அங்க கேட்காதே, அதை நினைச்சா ரொம்பப் பயமா இருக்கு.

— இதைச் சொல்ல உனக்குப் பத்தொன்பது வருஷம்.

— கோபமா?

— இல்ல. கையை நீட்டு.

— எதுக்கு?

— சட்டைக்கு. வெள்ளைச் சட்டை. இந்தக் கை. இப்ப அந்தக் கை. பொத்தானை நான் போட்டு விடறேன்.

— நாளைக்குத்தான் இல்லைன்னு ஆயிடுச்சே, சட்டை எதுக்குடி?

— இன்னிக்கு இருக்குல்ல. நாலு மணிக்குப் போதகர் வரார். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. பன்னி ரெண்டும் நீ தூங்கும்போதே அடுப்புக்குப் போயாச்சு. எங்கக்கா காலைக் கப்பல்ல வந்து ஃபுவாதினோ வீட்டுல இருக்கா.

— காலைக் கப்பலா? லாங்கி உனக்குச் சொன்னதே இன்னிக்குக் காலைலன்ன. அப்ப உங்கக்காவுக்கு நேத்தே ஆள் போயிருக்கணுமே. சியெனி, வெள்ளிக்கிழமை இல்லன்னு உனக்கு எப்பத் தெரியும்?

— கழுத்தை நிமிர்த்து. மேல் பொத்தான்.

— எப்பத் தெரியும்னு கேட்டேன்.

— முந்தாநாள் பஸ் படியில ஒரு காலை வச்சுட்டு, அடுத்த காலைத் தூக்க முடியாம நின்னியே. உன் பின்னால அத்தனை சனம் நின்னுச்சு, ஒருத்தர்கூடச் சீக்கிரம் ஏறுன்னு சொல்லல. நான் மார்க்கெட் வாசல்லேருந்து பார்த்துக்கிட்டிருந்தேன். அங்கேருந்து நேரா போதகர் வீட்டுக்குப் போய், வியாழக்கிழமை நாலு மணின்னு மாத்தி எழுதச் சொன்னேன்.

— ஆக, முந்தாநாள்தான் தெரியும்.

— இல்லய்யா. செப்டம்பர்ல நீ தேதி குடுத்துட்டு வந்த அன்னிக்குச் சாயங்காலமே போதகர் என்னைக் கூப்பிட்டு, "இல்லாத நாளைச் சொல்லிட்டுப் போயிருக்கானே, வேற நாள் எழுதட்டுமா?"ன்னு கேட்டார்; நான்தான், வேண்டாம் ஐயா, பாக்கியாவே கிடக்கட்டும்னு சொன்னேன்.