வற்றும் நிலத்துக்கு ஒரு வாக்கு

நம் புல்வெளியில் குளம் வெட்டும் தீர்மானத்தை நேற்று மாலை தீவன வியாபாரிகள் சங்கம் கைவிட்டது. அதற்கு ஒதுக்கிய பணம் முழுவதும் ஓர் ஆராய்ச்சிக்குப் போகிறது. ஏன் என்று சொல்லவே மேடை ஏறினேன்.

அவையை அடக்கி ஆளும் தலைவர் அவர்களே, கணக்கில் கறாரும் கருணையில் தாராளமும் கொண்ட பெரியவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு போட்டி போட்டே என் விலையைக் குறைத்துவிட்ட அருமைச் சகோதரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மழையில் நீராய் நிறையும் நிலம். வெயிலில் புல்லாய் நிமிரும் நிலம். அந்தப் புல்தான் என் கடைக்குச் சரக்கு, உங்கள் மாட்டுக்குத் தீனி. கோடையில் அது வெடித்துக் கிடந்ததைக் கண்டு மனம் வெதும்பினோம். வற்றாதபடி வெட்டிவிடுவோம் என்றோம். நல்ல எண்ணம்தான். ஆனால் நம் எண்ணம் அந்த நிலத்துக்கு ஆகுமா என்று யார் கேட்டோம்?

கேட்டவர் ஒருவர்தான். நாம் 'மண்ணு டாக்டர்' என்று கூப்பிடும் அந்த ஆராய்ச்சிப் பெண். நீர் நிற்கும்போது அவருக்குப் பணம் தர ஆள் உண்டு; நீர் வற்றினால் பணமும் வற்றும். இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டிய நிலை. அப்போதும் அவர் கேட்டது என் கிடங்கின் பின்னறை மட்டும். இரண்டு தொட்டிகளில் புல்வெளி மண்ணை நிரப்பினார். ஒன்றில் நீர் குறையாமல் பார்த்துக்கொண்டார். மற்றதைக் காயவிட்டார், பாளம் பாளமாய் வெடித்தது.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இதுக்கும் ஒரு சொம்பு ஊத்தக் கூடாதா? பாத்தா எனக்கே நாக்கு வறளுது."

"தூங்குதுக்கா. தூங்குற புள்ளைய எழுப்பியா பால் குடுப்பீங்க?"

"எங்க வீட்டுக்காரர எழுப்பினாலும் எழுந்திரிக்க மாட்டாரு, அது வேற கதை."

சிரியுங்கள், சிரியுங்கள். அவளும் முன்வரிசையில்தான் இருக்கிறாள்.

பிறகு காய்ந்த மண்ணில் நீர் ஊற்றினார். சில நாளில் மயிரிழையாய்ப் பச்சை எழுந்தது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த முட்டைகள் பொரித்து, கண்ணாடித் துணுக்குகளாய்ச் சிற்றுயிர்கள் நீந்தின. நீர் வற்றாத தொட்டியில்? பாசி, நாற்றம், ஒரு புல் இல்லை.

மனைவி முக்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "செத்துப்போச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றாள். என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு போயிட்டா, வெளியில கிடக்குற அத்தாம் பெரிய தொட்டிய யாருங்க பாத்துக்குவா?" என்றாள். "அப்ப குளம் வெட்டவே வேண்டாமா?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

அந்தப் பெண்ணோ, "ரெண்டு தொட்டிய வெச்சு முடிவு சொல்லக் கூடாதுங்க. எப்ப அறுக்கலாம், எப்ப மேய விடலாம், எந்த வாய்க்கால அடைக்கலாம்னு நிலத்துலதான் பாக்கணும்" என்றார். தன் சரக்கைத் தானே குறைத்துச் சொன்னவரை அன்றுதான் பார்த்தேன். அவரை நம்பாமல் யாரை நம்புவது?

அங்கே ஒருவர், "நமக்கு என்ன லாபம்?" என்கிறார். நியாயமான கேள்வி, அண்ணே. புல்தான் லாபம். குளத்தில் மாடு குளிக்கலாம். குளத்தை மேய முடியுமா?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், காயும் மண்ணுக்காகக் கலங்கியவளுக்கும் என் நன்றியும் வணக்கமும். பேசி முடித்த நிபந்தனையைச் சொல்லி அமர்கிறேன்: மூன்று மழை, மூன்று கோடை. அவர் சொல்லும்வரை யாரும் அரிவாள் எடுப்பதில்லை. முடிவு நமக்குக் கசந்தாலும் பணம் நிற்காது. நிலம் வறண்டு கிடக்கும் மாதங்களுக்கும் முழுச் சம்பளம்.