அனிபாலோட எலிங்க

சிரிக்காத கண்ணு, நெசமாத்தான் சொல்றேன். என் வீட்டுக்காரரோட கேன்சர் கட்டி இன்னும் உயிரோடதான் இருக்கு. இந்த பஸ்ஸ விட்டு நீயும் இறங்கப்போறியே அந்த ஆராய்ச்சிக் கட்டடம், அங்க எலி உடம்புல வளருது.

என் அனிபால் போய்ச் சேந்து ஒரு வருஷம் ஆச்சு. ஆபரேஷன்ல எடுத்த கட்டியில ஒரு துண்டு கேட்டாங்க. பெரிய வள்ளலாட்டம் தலையாட்டிட்டாரு. கல்யாண நாளுக்கு ஒரு பூ வாங்கித் தந்ததில்ல, இதுக்கு மட்டும் தாராளம்.

அந்த எலிங்களுக்கு உடம்புல முடியும் கிடையாது, நோயத் தடுக்குற தெம்பும் கிடையாதாம். அதனால சலிச்சு விட்ட காத்து, சுத்தம் பண்ணின தீனி. இந்த ரொசாரியோ ஊரு வெயில்ல நாங்க ஓட்ட ஃபேனுக்குக் கீழ கெடந்தோம். எந்த வேலையிலயும் தங்காத மனுஷனுக்கு இப்ப நிரந்தர உத்தியோகம். ஒரு எலி முடியாம போறதுக்குள்ள கட்டிய இன்னொண்ணுக்கு மாத்தி வச்சிடுறாங்க.

எதுக்குன்னா, ஆளுக்கு ஆள் கட்டி வேறயாம், கேக்குற மருந்தும் வேறயாம். அவங்கவங்க கட்டிய எலியில வளத்துப் பாத்துட்டு மருந்து குடுப்பாங்களாம். வருங்கால வைத்தியம். ஆமா, வருங்காலம். டிவியில மாசத்துக்கு ஒருத்தர் வந்து கேன்சர் ஒழிஞ்சுதுங்கறாரு. எலிக்கு ஒழிஞ்சிருக்கும். எங்க தெருவுல யாருக்கும் ஒழியல.

முந்தாநாள் அங்க ஆராய்ச்சி பண்ற பியாஞ்சினிங்கற பொண்ணு ஃபோன் பண்ணினா. புது மருந்து வந்திருக்காம், இன்னிக்கு அனிபாலோட எலிங்களுக்கு ஊசி ஆரம்பிக்கிறாங்களாம், கட்டி மொத்தமா கரைஞ்சிடும்னு நம்புறாளாம். அவ குரல்ல அப்படியொரு சந்தோஷம். ஒரு வருஷம் கழிச்சு, எலிக்கு.

தடுக்கவா போறேன்னு கேக்குறியா? நான் எதுக்குத் தடுக்கணும். இன்னொருத்தி புருஷனாவது பொழைக்கட்டும், நல்லாப் போடட்டும். இந்த மாத்தே டீக் குவளையக் கொஞ்சம் பிடி கண்ணு, பைய எடுத்துக்கறேன். அடுத்த ஸ்டாப்புதானே?

பாதி எலிக்குத்தான் மருந்தாம். மீதிக்கு வெறும் உப்புத்தண்ணி, ஒப்பிட்டுப் பாக்க. முடிஞ்சதும் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க போல. அதான், உப்புத்தண்ணி எலியில ஒண்ண மட்டும் எனக்காக விட்டு வைம்மான்னு கேக்கலாம்னு கெளம்பினேன். அவரக் கொன்னது அதுதான், தெரியாம இல்ல. ஆனா அவருன்னு சொல்லிக்க உயிரோட இருக்கறது அது மட்டுந்தானே.

குவளையக் குடு. நீ முன்னால இறங்கு.