ஒரு நிறத்துக்கு வாங்கின காகிள்ஸ்

– ஜன்னல் ஸ்க்ரீனைத் தொடாதே. வெளிச்சம் வந்தா கண்ணு கூசுது. சொல்ல வந்ததை இருட்டிலயே சொல்லு. உனக்கும் அதான் வசதி.

– அப்படியெல்லாம் பேசாதேக்கா. நான் உன் தம்பியாத்தான் வந்திருக்கேன்.

– தம்பியா வந்தவன் கழுத்துல கம்பெனி அட்டை எதுக்குத் தொங்குது?

– ஹெட் ஆபீஸ்லேர்ந்து நேரா வர்றேன். நேத்து போனவன் அங்கயே தங்கிட்டேன். இன்னும் வீட்டுக்குக்கூடப் போகலே. டீ போடட்டுமா?

– வேண்டாம். நீ டீ போட்டா அடுத்தது உதவி கேப்பே. சின்ன வயசுலேர்ந்து பாக்கிறேனே. கேட்டுடு.

– பாருக்கா, நாளைக்கு விசாரணை. வெளியிலேர்ந்து மூணு பேர் வர்றாங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உன்கிட்ட கேப்பாங்க.

– அப்பாடா, அவங்களாவது கேப்பாங்களே. இத்தனை நாள்ல ஒரு ஆள் கேக்கலே. மேனேஜர் பழக்கூடை அனுப்பினாரு. நீ சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தே. என்ன நடந்துச்சுன்னு யாரும் கேக்கலே.

– அதைத்தான் பேசலாம்னு வந்தேன். நீ கண்ணுக்குப் பாதுகாப்பா காகிள்ஸ் போட்டுத்தான் இருந்தே. மூச்சுக்காத்து பட்டு உள்பக்கம் ஆவி படிஞ்சுது. துடைக்கலாம்னு ஒரு நொடி தூக்கினே. அந்த நேரம் பாத்து லேசர் வர்ற ஃபைபர் முனை உன் கண்ணுக்கு நேரா திரும்பிடுச்சு. அவ்வளவுதான். யாருக்கும் நடக்கிறதுதான்.

– அழகாச் சொல்றே. நீ பக்கத்துல நின்னு பாத்தியா?

– இல்லே.

– அப்ப எனக்கு நடந்ததை எனக்கே சொல்றே.

– நீ அப்படிச் சொன்னா நல்லதுன்னு சொல்றேன்.

– யாருக்கு?

– எல்லாருக்கும். சொல்றதைக் கேளுக்கா. கை மறந்து தூக்கிட்டேன்னு சொன்னா யாரும் உன்னை வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க. சிகிச்சையெல்லாம் கம்பெனி பாத்துக்கும். வேற இடத்துல உக்கார வெச்சுச் சாப்பாடு போடுவாங்க.

– உக்கார வெச்சா? அந்த ஹால்ல காகிள்ஸை நெத்திக்குத் தூக்கிட்டு நடக்கிறவன் மண்டையில தட்டறவ நான். புதுசா வந்தவங்க எனக்கு வாத்தியாரம்மான்னு பேரு வெச்சாங்க. அது பின்னாடி பேசற பேருன்னாலும் எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. இப்ப அந்த வாத்தியாரம்மாவே தூக்கினாங்கன்னு அவங்க சொல்லிச் சிரிக்கணும், நான் மூலையில உக்காந்து சாப்பிடணும்.

– யாரும் சிரிக்க மாட்டாங்க.

– நீ உக்காரு, நான் சொல்றேன், கேட்டுக்கோ. ஃபைபர் முனையை வெட்டி கிளிப்புல மாட்டியிருந்தேன். லேசர் ஓடிக்கிட்டிருந்துச்சு. மெஷின் மூடி திறந்துதான் இருந்துச்சு. திறக்காம நேர் பண்ண முடியாதுன்னு உனக்கும் தெரியும். கிளிப் விட்டுப்போச்சு. முனை துள்ளி என் மூஞ்சிப் பக்கம் வந்துச்சு. மங்கலா கொஞ்சம் செவப்பு தெரிஞ்சுது. இவ்வளவுதானேன்னு நான்பாட்டுக்கு அதைப் பிடிச்சு மறுபடி கிளிப்புல வெச்சேன். கண்ணைக்கூட மூடலே. மூடுற அளவுக்கு அது கூசலே. காகிள்ஸ் என் மூக்கு மேலதான் இருந்துச்சு. அப்புறம் ஸ்க்ரூவை முடுக்கலாம்னு குனிஞ்சேன். ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்லே.

– இப்ப எப்படி இருக்கு?

– அதேதான். ஓரமெல்லாம் தெரியுது, நடுவுல இல்லே. இடது கண்ணை மூடிக்கிட்டு உன்னைப் பாத்தா ரெண்டு காது தெரியுது, காலர் தெரியுது, அட்டை தெரியுது. மூஞ்சி மட்டும் இல்லே. இன்னிக்கு அது நல்லதாப் போச்சு.

– போதும்கா.

– எனக்கும் போதும்தான். டாக்டர் இதுக்கு மேல வராதுன்னுட்டார். சொட்டு மருந்தெல்லாம் சும்மா மனசு சமாதானத்துக்கு.

– நான் ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதே. காகிள்ஸ் போட்டிருந்தா எப்படிக்கா படும்? அந்த லேசருக்குன்னே பாத்து வாங்கினது அது.

– வாங்கினது யாரு?

– நான்தான்.

– எந்த லேசருக்கு வாங்கினே?

– நம்ம லேசருக்கு.

– அது உள்ள போற வெளிச்சம். என் கண்ணுல பட்டது வெளிய வந்த வெளிச்சம். ராசா, நீ அங்க பாதுகாப்பு அதிகாரி. அந்த ஃபைபருக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமா, தெரியாதா? எனக்குப் பாடம் நடத்து, பாக்கலாம்.

– பழைய ஃபைபர்னா விட்ட நிறமே வரும். இது உள்ளுக்குள்ள நீளத்துக்கும் ஓட்டை ஓட்டையா இருக்கிற ஃபைபர். நடுவுல ஒரு துளி இடம். வெளிச்சத்தை அதுக்குள்ள போட்டு நெருக்குது.

– நெருக்கினா?

– நெருக்கினா அந்தக் கண்ணாடி இழையே அதை வேற நிறமா மாத்தி அனுப்புது.

– ஒரு நிறம் போனா ஊர்ப்பட்ட நிறம் வருது. அதைச் சொல்லித்தானே உங்க மேனேஜர் வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் விக்கிறாரு. சுவத்துல வெள்ளையா ஒரு வட்டம் காட்டுவாரு, எல்லாரும் வாயைப் பொளப்பாங்க. கண்ணுக்குத் தெரியாம எவ்வளவு வருதுன்னு அவங்களுக்குச் சொல்ல மாட்டாரு. இப்ப சொல்லு. உன் காகிள்ஸ் அதுல எத்தனையைத் தடுக்கும்?

– ஒண்ணு.

– காது நல்லாத்தான் கேக்குது, இருந்தாலும் சத்தமாச் சொல்லு.

– ஒண்ணுக்கா. உள்ள போற அந்த ஒரு நிறத்தைத்தான்.

– புது ஃபைபர் வந்தப்ப உன் மேஜைக்கு வந்து கேட்டேன். காகிள்ஸ் மாத்த வேண்டாமாடான்னு. என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?

– லேசர் மாறலையே, ஃபைபர்தானே மாறுதுன்னு சொன்னேன்.

– நானும் கேட்டுட்டு வந்துட்டேன். தம்பி படிச்சவன், தெரியாமச் சொல்ல மாட்டான்னு.

– எனக்கு நிஜமாவே தோணலேக்கா. எல்லா இடத்துலயும் லேசர் பேரைப் பாத்துத்தான் காகிள்ஸ் வாங்குவாங்க. நான் மட்டும் இல்லே, யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க.

– சரி, அன்னிக்குத் தோணலே. நம்பறேன். அதுக்கப்புறம்?

– அதுக்கப்புறம்னா?

– நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப. நீ எடுத்துப் பாக்காம இருந்திருக்க மாட்டே. உனக்குத் தூக்கம் வந்திருக்காது.

– பாத்தேன்.

– எப்படி?

– நீ போட்டிருந்ததையே எடுத்து ஃபைபர் முனைக்கும் மீட்டருக்கும் நடுவுல பிடிச்சேன்.

– மீட்டர் என்ன சொல்லிச்சு?

– செவப்புக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாம இருக்கிற வெளிச்சம் அப்படியே வந்துச்சு. காகிள்ஸ் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

– இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் நான் துடைக்கத் தூக்கினேன்னு சொல்லச் சொல்றே.

– நான் என்ன பண்ணட்டும்? தெரிஞ்சா என்னை வேலையை விட்டு அனுப்பறதோட நிக்காது. கேஸ் போடுவாங்க. வேற எந்தக் கம்பெனியும் என்னை உள்ள விட மாட்டான். பாதுகாப்பு அதிகாரிக்கு இதைவிட என்ன அவமானம் இருக்கு? நீதானே என்னை இங்க சேத்துவிட்டே. பெரிய மனுஷங்க வாசல்ல நின்னு, என் தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கன்னு நீதானே கேட்டே.

– ஆமா. அதுக்கான கூலி கிடைச்சிருச்சு.

– இப்படிக் குத்திக் குத்திப் பேசினா நான் எப்படிப் பேசறது?

– குத்தலே. வலிக்குது, பேசறேன். அது கிடக்கட்டும், உன் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கே? அவளும் அங்கதானே பக்கத்து ஹால்ல ஃபைபரைச் சுருளாச் சுத்திக்கிட்டிருக்கா.

– நீ தூக்கினேன்னுதான் சொல்லியிருக்கேன். அவகிட்ட நாலு பேர் கேப்பாங்க. அவ வாயில ஒண்ணு, என் வாயில ஒண்ணு வரக் கூடாதுல்ல.

– அதான் பாக்க வந்தவ, இனிமேலாவது கவனமா இருங்க அண்ணின்னு சொல்லிட்டுப் போனா. எனக்கு அன்னிக்கு விளங்கலே. சின்னப் பொண்ணு, எதையோ உளறுறான்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் படுத்துக்கிட்டு யோசிச்சப்பதான் நீ சொல்லிக் கொடுத்ததோன்னு சந்தேகம் வந்துச்சு.

– தப்புத்தான்கா. கால்ல விழச் சொன்னாலும் விழறேன்.

– எழுந்திரு. உன்னை இருட்டுல மிதிச்சுத் தொலைக்கப் போறேன். எழுந்திருடா. சரி, சொல்றேன்.

– என்ன சொல்றே?

– தூக்கினேன்னு சொல்றேன். ஆவி படிஞ்சுது, துடைக்கத் தூக்கினேன், புத்தி கெட்டுப்போச்சுன்னு அந்த மூணு பேர்கிட்டயும் சொல்றேன். உன் வேலை உன்கிட்டயே இருக்கட்டும்.

– அக்கா, உன்னை நான்...

– நான் முடிக்கலே. நீ இப்பவே கம்பெனிக்குப் போ. மதிய ஷிஃப்ட் ஆரம்பிக்கிறதுக்குள்ள அந்த காகிள்ஸ் எல்லாத்தையும் எடுத்து உடைச்சுப் போடு. சரியானது வந்து சேர்ற வரைக்கும் நான் வேலை பாத்த பெஞ்ச்ல லேசர் ஓடக் கூடாது. இது ஒண்ணுதான் நான் கேக்கிறது.

– அது முடியாதே.

– ஏன் முடியாது?

– விசாரணைக்கு முந்தின நாள் காகிள்ஸை மாத்தினா என்ன நெனப்பாங்க? பழசுல கோளாறுன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும். முதல்ல இது முடியட்டும். சத்தமில்லாம ஒவ்வொண்ணா மாத்திடறேன். சத்தியமா.

– அதுவரைக்கும்?

– அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருப்பாங்க. உனக்கு நடந்ததைப் பாத்து எல்லாரும் பயந்துபோய்த்தான் இருக்காங்க.

– பயந்தவ கையிலதான் கிளிப் சீக்கிரம் விட்டுப்போகும். காகிள்ஸ் வேண்டாம், பெஞ்சை மட்டும் நிறுத்தியே வை. மெஷின் ரிப்பேர்னு சொல்லு. தூசி விழுந்துடுச்சுன்னு சொல்லு. பொய் சொல்ல உனக்கு நான் சொல்லிக் கொடுக்கணுமா?

– ஆர்டர் கழுத்தை நெரிக்குதுக்கா. உன் பெஞ்ச் நின்னதுல ஏற்கெனவே மேனேஜர் குதிக்கிறாரு. இன்னிக்கு மதியம் எப்படியாவது ஓட்டியே ஆகணும்னு சொல்லிட்டாரு.

– யாரை உக்கார வெச்சு?

– எனக்கென்ன தெரியும்? கை நிதானம் இருக்கிற யாரையாவது போடுவாங்க. யாரா இருந்தா என்ன?

– யாரா இருந்தாலும் வரும்போது ரெண்டு கண்ணோட வருவா.

– ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நான் அழ முடியாதுக்கா. நான் என் வீட்டைப் பாக்கணும், என் குடும்பத்தைப் பாக்கணும். தினமும் அப்படி விபத்து நடந்துடாது.

– கடைசியா கேக்கிறேன். மதிய ஷிஃப்டை நிறுத்துவியா, மாட்டியா?

– மாட்டேன். என்னால முடியாது. இதுக்கு மேல கேக்காதே.

– சரி. கேக்கலே. யாரோ ஒருத்திக்குன்னாலும் செய்வியான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு, தெரிஞ்சுக்கிட்டேன். காலையில உன் பொண்டாட்டி ஃபோன் பண்ணினா.

– அவளா? உனக்கா? எதுக்கு?

– உனக்குத்தான் முதல்ல பண்ணினாளாம், நீ எடுக்கலையாம். சுருள் சுத்தற வேலையிலேர்ந்து அவளை மேல தூக்கிட்டாங்களாம். சந்தோஷத்துல பேச்சே வரலே அவளுக்கு.

– மேலன்னா, எங்க?

– என் பெஞ்ச்ல. இன்னிக்கு மதிய ஷிஃப்ட்லேர்ந்து.

– நீ அவளை உக்காராதேன்னு சொல்ல வேண்டியதுதானே. அக்கா, சொன்னியா இல்லையா?

– சொன்னேன்டா. அந்த காகிள்ஸ் கண்ணைக் காப்பாத்தாது, உக்காராதேன்னு அழுதுகிட்டே சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு அவ எனக்கு ஆறுதல் சொல்றா: "நீங்க தூக்கினதாலதானே அண்ணி இப்படி ஆச்சு, அவர் எல்லாத்தையும் சொன்னாரு. கவலைப்படாதீங்க, நான் தூக்கவே மாட்டேன்."